நூறு லாட் டாலர் விற்க எந்தத் தரகர்?

வண்டன்மேட்டில் ஏலக்காய் வாங்கி, போடியில் தரம் பிரித்து, வளைகுடாவுக்கு அனுப்புகிறேன். வரவேண்டிய டாலருக்கு முன்கூட்டியே விலையைப் பூட்டிவைக்க, பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் டாலர் ஒப்பந்தங்களைச் சந்தையில் விற்கிறேன். அதற்குத் தேனியில் ஒரு தரகரிடம் கணக்கு வைத்திருக்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது தரகுக் கட்டணத்தைத்தான். ஆர்டருக்கு 20 ரூபாய் பெரிய விஷயமா? தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ.யில் ஒரு லாட், அதாவது ஒரு ஒப்பந்தம், 1,000 டாலர். நூறு லாட் விற்கும்போது, திரையில் பார்த்த விலையிலிருந்து டாலருக்கு 2 பைசா சறுக்கினால் 2,000 ரூபாய் காலி.

இந்தத் தரகரிடம் நம் ஆர்டரைப் போட்டுக்கொடுக்கும் டீலர் தொலைபேசியை எடுக்கிறார். அதற்கே பாதி மதிப்பெண் கொடுப்பேன். “அண்ணே, இந்த விலையில் 30 லாட் வாங்கத்தான் ஆள் நிற்கிறது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், இதற்குக் கீழே விற்காதே என்று லிமிட் போட்டுப் பிரித்து விற்போம்” என்றார். அப்படியே விற்றோம், கால் பைசாகூட நழுவவில்லை. அடுத்த மாத ஒப்பந்தத்தில் ஆளே இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்.

உண்மையான டாலர் வரவு செலவு உள்ளவர்களுக்கே இந்த டாலர்-ரூபாய் ஒப்பந்தங்கள் என்று ரிசர்வ் வங்கி 2024இல் அழுத்திச் சொன்ன பிறகு சந்தையில் கூட்டம் கலைந்துவிட்டது. ஆகவே பெரிய ஆர்டருக்கு இப்படி ஒருவர் தேவை.

ஆனால் இவர்களுடைய செயலி படுமோசம். சந்தை திறக்கும் காலை ஒன்பது மணிக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

‘சறுக்கலே இல்லை’ என்று வலைவீசும் வெளிநாட்டு நாணய வர்த்தகச் செயலிகள் பக்கம் போகாதீர்கள். ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயரைத் தேடிப்பாருங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் அனுமதி பெற்றது என்று பொருள் இல்லை.