ஓ கிராமம், லோஃபோட்டன், நார்வே: கடல் மேல நிக்கற ரோர்பு வீட்டுல மூணு ராத்திரி

மொதல்ல தங்கின எடத்த பத்திதான் சொல்லணும், ஏன்னா அதுக்காகத்தான் அம்மாவ அவ்ளோ தூரம் கூட்டிட்டு போனேன். ரோர்புன்னு சொல்றாங்க. கரையோரம் தண்ணிக்குள்ள கட்டைங்கள நட்டு அது மேல எழுப்பின செவப்பு பலகை வீடு. அந்த ஊர் பாஷையில ரோன்னா துடுப்பு போடறது, புன்னா குடியிருக்கறது. குளிர்காலத்துல காட் மீன் புடிக்க தூரத்துலேருந்து துடுப்பு போட்டுக்கிட்டு வர்ற ஆளுங்க ஒதுங்கறதுக்கு 1120 வாக்குல ஓய்ஸ்டைன்னு ஒரு ராஜா இத மொதல்ல கட்ட வச்சாருன்னு சொல்றாங்க, அதுக்கு முன்னாடி படக கவுத்து போட்டு அதுக்கு அடியிலயே படுத்துக்குவாங்களாம்.

அம்மா உள்ள நுழைஞ்சதும் செவுத்து பலகைய தடவி பாத்துட்டு "நம்ம லயம் மாதிரிதான்யா இருக்கு"ன்னு சொன்னாங்க. மலேசியாவுல புக்கிட் ரோத்தான் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல 22 வருஷம் பால் வெட்டினவங்க அவங்க, லயம்னா அங்க தொழிலாளிங்க குடியிருந்த வரிசை வீடு. அடுத்த நாள் மியூசியத்துல ஒரு பொண்ணு விளக்கினத நான் தமிழ்ல சொல்ல சொல்ல அம்மா தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாங்க: ஊர் மொத்தமும் ஒரே முதலாளி கையில இருக்கும், குடிசை அவரோடது, படகுத்துறை அவரோடது, கடை அவரோடது, அவர் குடிசையில தங்கினா புடிச்ச மீன அவருக்குத்தான் விக்கணும், வெல சொல்றதும் அவர்தான். தொரையும் கணக்கு எழுதற கிராணியும் இல்லாத கொறதான், மத்ததெல்லாம் அப்படியே தோட்டத்து கததான்னு அம்மா சொன்னாங்க, கடையில பத்து எழுதி சம்பள நாள்ல கழிச்சதையெல்லாம் அன்னிக்கு ராத்திரி எனக்கு மொத தடவையா சொன்னாங்க.

ஆனா ஓ ஊர்க்காரங்க அந்த பழைய கட்டடங்கள இடிக்கல. மீனெண்ணெய் காச்சின எடம், படகு கொட்டாய், 1844ல கட்டின பேக்கரி, எல்லாத்தையும் வச்சிருக்காங்க, ஊருக்குள்ள நடந்தாலே மியூசியத்துக்குள்ள நடக்கற மாதிரிதான். அந்த பழைய பேக்கரியில சுடச்சுட பட்டை போட்ட பன் கெடைக்கும், காலையில அதத்தான் பசியாறினோம், மூணு நாளும் விடல. அம்மா பொறந்த லயம் இருந்த எடத்துல இப்ப செம்பனை நிக்குது, ஒரு படம் கூட எங்ககிட்ட இல்ல. நம்ம பக்கம் ஒரே ஒரு லயத்தையாவது இப்படி வச்சிருக்கலாமேன்னு எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு, இத நான் சும்மா எழுதல.

ஊர் பேரே ஓ. ஒத்த எழுத்து. இங்கிலீஷ் ஏ மேல சின்ன வட்டம் போட்டு எழுதறாங்க, அவங்க நெடுங்கணக்குல அதுதான் கடைசி எழுத்து, இ10 ரோடும் அந்த ஊரோட முடிஞ்சிருது. ஸ்வீடன்ல லூலியோவுல ஆரம்பிக்கற ரோடு அது. நேரா ஃபிளைட் எதுவும் இல்ல, கோலாலம்பூர்லேருந்து தோஹா வழியா ஓஸ்லோ, அங்கேருந்து பூடோ, அப்புறம் கப்பல்ல மூணு மணி நேரத்துக்கு மேல ஆடிக்கிட்டு ஓவுக்கு பக்கத்துல இருக்கற மோஸ்கனேஸ் துறை. கப்பல்ல ஏறதுக்கு முன்னாடியே வாந்தி மாத்திரைய போட்டுக்குங்க. மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரைக்கும் விசா வேணாம்.

நாங்க போனது ஜூன் மொத வாரம், சூரியன் மறையவே இல்ல. ராத்திரி ஒரு மணிக்கு அம்மா வெளிய உக்காந்து ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருக்காங்க, பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். கடல்புறாங்க ஜன்னல் கட்டையிலயே கூடு கட்டி கத்துதுங்க, தூக்கம் கெடும், கண்ணுக்கு துணியும் காதுக்கு பஞ்சும் எடுத்துட்டு போங்க. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேல இருந்தும் கடல் உறையறதில்ல, தெக்கேருந்து வர்ற சூடான நீரோட்டம் காப்பாத்துது. அதனாலதான் ஜனவரிலேருந்து ஏப்ரல் வரைக்கும் பேரன்ட்ஸ் கடல்லேருந்து காட் மீன் முட்ட போட இங்க வருது, ஊரே அத வச்சுத்தான் பொழைச்சிருக்கு.

நான் ரொம்ப நேரம் நின்ன எடம் மீன் பந்தல்தான். ஆள் உயரத்துக்கு மேல மரக்கட்டைய கூரை மாதிரி கட்டி, வால்ல ரெண்டு ரெண்டா முடிச்சு போட்டு தொங்க விட்டுருக்காங்க. உப்பு ஒரு கல்லு கூட இல்ல, குளிர்காத்துலயே காயுது, பிப்ரவரி மார்ச்சுல போட்டது மே ஜூன் வரைக்கும். மலேசியாவுல செகிஞ்சான்ல நாம வாங்கற கருவாடு வெயில்ல உப்புல காயுது, இது விறகு மாதிரி கெட்டியா இருக்கு, தட்டினா சத்தம் வருது. நல்ல மீனு இத்தாலிக்கு போகுது, தலைங்கள தனியா கோத்து காயவச்சு நைஜீரியாவுக்கு அனுப்பறாங்க. மீனோட நாக்க அறுக்கறது அந்த ஊர் சின்ன பிள்ளைங்க வேலையாம், அந்த காசு அவங்களுக்கே. நாங்க சின்னதுல தோட்டத்துல உறைஞ்ச ரப்பர் கட்டிப்பால் பொறுக்கி வித்த காசு அம்மா கைக்குத்தான் போச்சு.

கொறைன்னா ரெண்டு. புக் பண்ணின சைட்டுல பெட்ஷீட்டுக்கு தனி காசுன்னு எங்கயோ சின்ன எழுத்துல போட்டிருந்தாங்க, நாலு பேருக்கு சேத்து நல்லா வலிச்சுச்சு, அதனால கட்டறதுக்கு முன்னாடி முழுசா படிங்க. அப்புறம் நாங்க போய் சேந்தது ஞாயித்துக்கெழம, கடை மூடியிருந்துச்சு. கைவசம் அரிசியும் மீன்கறித்தூளும் இருந்ததால தப்பிச்சோம், பக்கத்து ரோர்புல தங்கின ஜெர்மன்காரர் தூண்டில்ல புடிச்ச மீன்ல ஒண்ண குடுத்தாரு, அம்மா குழம்பு வச்சு அவருக்கும் ஒரு கிண்ணம் குடுத்தாங்க. சமையல்கட்டு உள்ளயே இருக்கறதுதான் ரோர்புவுல பெரிய வசதி, வெளிய சாப்பிட்டா நாலு பேருக்கு கட்டுப்படியாகாது.

பக்கத்துல ரைனெபிரிங்கென்னு 448 மீட்டர் மலை இருக்கு, நேபாள ஷெர்பாக்கள் வந்து கல்லுப்படி போட்டு குடுத்திருக்காங்க. பத்துமலை 272 படி பழகின காலுக்கும் இது வேற கணக்கு, அம்மாவ கீழ உக்கார வச்சுட்டு நானும் தம்பியும்தான் ஏறினோம்.

வரும்போது அம்மா ஒரு காஞ்ச மீன் பாக்கெட் வாங்கிக்கிட்டாங்க. ஒரு வாரம் ஊறணும், தெனமும் தண்ணி மாத்தணும்னு கடையில சொல்லி அனுப்பினாங்க. இன்னிக்கு நாலாவது நாள், ஃபிரிட்ஜ் முழுக்க வாசன, கத்திரிக்காயும் மாங்காயும் வாங்கி வச்சாச்சு.