முட்டைக் கணக்குக்கு ஃபாவோஸ்டாட்: எங்கே நம்பலாம், எங்கே இடறும்

ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் இந்த இலவசத் தரவுத்தளத்தில் முட்டைக்கு முதலில் திறக்க வேண்டியது உணவுச் சமநிலைப் பகுதி. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, இருப்பு மாற்றம் ஆகியவற்றோடு, குஞ்சு பொரிக்கப் போகும் முட்டையும் வீணாவதும் தனித்தனியே கிடைக்கின்றன. இந்தப் பிரிப்புதான் இதன் பெரிய பலம். அடைமுட்டையைக் கழிக்காமல் போட்ட கணக்கு, சாப்பிடக் கிடைக்கும் அளவைக் கூட்டிக் காட்டி, இறக்குமதித் தேவையைக் குறைத்துவிடும்.

அதிகம் பேர் சறுக்குவது எடையில். சமநிலைப் பகுதி டன்னில் பேசுகிறது. தேவையோ எண்ணிக்கையில் வருகிறது. ஒரு கோடிப் பேருக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 180 முட்டை என்றால் 180 கோடி. ஒரு முட்டை 55 கிராம் என்றால் 99,000 டன். 60 கிராம் என்றால் 1,08,000. அந்த 9,000 டன் வெறும் அனுமானப் பிழை! உள்ளூர்ப் பண்ணை எடையையே போடுங்கள்.

ஒவ்வோர் எண்ணுக்கும் அருகிலுள்ள ஆங்கில எழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்: 'ஏ' (A) அரசு தந்தது, 'ஈ' (E) மதிப்பீடு, 'ஐ' (I) தரவு இல்லாத இடத்தில் கணித்து இட்டு நிரப்பியது. 'ஐ' தொடர்ந்து வந்தால், அதை வைத்து கொள்முதல் ஒப்பந்தம் போடாதீர்கள். 2010 முதலான புதிய தொடரைப் பழைய தொடரோடு ஒட்டவும் கூடாது; கணக்கிடும் முறையே மாறிவிட்டது.

மாநில விவரம் இதில் இல்லை. இந்திய மாநிலங்களுக்கு மத்திய கால்நடைத் துறையின் ஆண்டுப் புள்ளிவிவரமே கைகொடுக்கும்.