புதுத் தொட்டிக்குக் கடல்தண்ணீரா, உப்புக் கலவையா?

சென்னையில் உப்புநீர் மீன்தொட்டி வைப்பவருக்கு இரண்டு வழி உண்டு. நீலாங்கரைப் பக்கம் போய்க் கேனில் கடல்தண்ணீர் பிடித்து வரலாம். இல்லையென்றால் கொளத்தூர் கடைகளில் உப்புக் கலவை வாங்கி ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்கலாம். நான் இரண்டாவதோடு நின்றுவிட்டேன்.

செலவு என்று பார்த்தால் கடல்தண்ணீர்தான் மலிவு, பேச்சே இல்லை. கரையைத் தாண்டிப் படகில் போய் எடுத்து, இரண்டு வாரம் இருட்டில் மூடிவைத்து, தெளிந்ததை மட்டும் வடிகட்டி ஊற்றினால் மீனுக்கும் குறை இருக்காது. கரையோரத்தில் பிடித்ததை அப்படியே ஊற்றினால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்து அமோனியா ஏறும்.

என்னை உப்புக் கலவை பக்கம் இழுத்தது வேறு விஷயம். புதுத் தொட்டியில் மீன் செத்தால் காரணம் தெரிய வேண்டும். தொட்டி இன்னும் சைக்கிள் ஆகவில்லையா, அதாவது அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா இன்னும் வளரவில்லையா? மீன் கடையிலிருந்தே நோயோடு வந்ததா? தண்ணீரே கெட்டதா? கடல்தண்ணீர் என்றால் கடைசிக் கேள்வி தீரவே தீராது. வடகிழக்குப் பருவமழையில் கூவமும் அடையாறும் பெருகிக் கலக்கும்போது கரையோரத்தில் உப்பு இறங்கிவிடும், கோடையில் மறுபடி ஏறும். அதையாவது உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் காட்டிவிடும், சரிசெய்துகொள்ளலாம். ஆற்றோடு வந்த கழிவு எல்லாவற்றையும் வீட்டு டெஸ்ட் கிட் காட்டாது.

உப்புக் கலவையில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 200 லிட்டர் தொட்டியில் வாரம் 20 லிட்டர் மாற்றினால் 700 கிராம் ஆகும். ஜூனிலும் டிசம்பரிலும் அதே தண்ணீர்தான். என் தொட்டியில் புதிதாக வந்த டாம்செல் மீன் ஒன்று மேல்மட்டத்திலேயே நின்று வேகவேகமாகச் செவுள் அடித்தது. உப்பைக் காட்டும் அடர்த்தி சரியாக 1.025, அமோனியா பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். தண்ணீர் மேல் சந்தேகம் போய்விட்டதால் மீனைக் கூர்ந்து பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தபோது உடம்பில் மாவு தூவியது போலப் பொடிப்பொடியாகத் தெரிந்தது: வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். உடனே மீன்களைத் தனித்தொட்டிக்கு மாற்றித் தாமிர மருந்து கொடுக்க முடிந்தது. கடல்தண்ணீராக இருந்திருந்தால் முதலில் தண்ணீரை மாற்றிப் பார்ப்பதிலேயே இரண்டு நாள் போயிருக்கும், வெல்வெட்டுக்கு அவ்வளவு நேரம் கொடுக்கக் கூடாது.

பராமரிப்பு வேலை கொஞ்சம் உண்டு. தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. முதலில் கலங்கலாக இருக்கும். இரவு முழுக்க பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்ப்) ஓடினால் காலையில் தெளிந்துவிடும். வீட்டு ஆர்.ஓ.வில் டிடிஎஸ் கண்ட்ரோலர் இருந்தால் அதை மூடிவிடுங்கள், இல்லையென்றால் குழாய்த்தண்ணீரும் சேர்ந்து வரும். தொட்டியில் ஆவியாகிப் போனதற்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான் சேர்க்க வேண்டும்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் சைக்கிள் ஆக நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கத்தான் வேண்டும். பவளம் வளர்ப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் வைத்திருப்பது மீன் மட்டும்தான். கடல்தண்ணீரைக் கைவிட மனமில்லாதவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையாவது உப்புக் கலவைக்கு மாறிக்கொள்ளலாம்.