சிபில் மதிப்பெண்ணை ஏற்றித் தருவதாகச் சொன்னவரிடம் நான் ஏமாந்த கதை

2024ஆம் ஆண்டு மே மாதம் சேலையூரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு 2 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, 90 நாட்களுக்குள் கிரயம் முடிக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது என்ற நிபந்தனையோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் நான் வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். முதலில் வங்கிக்குப் போயிருக்க வேண்டும். வாங்கிய கடன்களை ஒருவர் எப்படித் திருப்பிக் கட்டினார் என்பதை வைத்து 300 முதல் 900 வரை கணக்கிடப்படும் சிபில் மதிப்பெண்ணில் எனக்கு 648தான் இருந்தது. அந்த வங்கி 750ஐ எதிர்பார்த்தது.

காரணம் பழையது. வேலையில்லாமல் இருந்த 2019இல் என் கிரெடிட் கார்டு பாக்கி 49,000 ரூபாய் ஆனது. வசூலுக்குத் தொலைபேசியில் அழைத்தவர், 18,000 ரூபாய் கட்டினால் கணக்கு முடிந்துவிடும் என்றார், நானும் கட்டினேன். ஆனால் என் கடன் வரலாற்றைச் சொல்லும் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு ‘முடிக்கப்பட்டது’ என்று பதிவாகாமல் ‘செட்டில்டு’ என்று பதிவாகியிருந்தது. அதாவது, முழுப் பாக்கியும் வராமல் கடன் கொடுத்தவர் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார் என்று பொருள். ஐந்தாண்டுகளாக நான் அந்த அறிக்கையைத் திறந்தே பார்த்ததில்லை.

இந்தப் பதற்றத்தில்தான், 30 நாட்களில் 750 உறுதி என்று விளம்பரம் செய்த ஒருவரிடம் போனேன். 15,000 ரூபாய் கட்டணத்தோடு பான், ஆதார் நகல்களையும், போதாக்குறைக்கு என் கைபேசிக்கு வந்த ஓ.டி.பி.க்களையும் அவரிடம் கொடுத்தேன். அவர் அந்த கிரெடிட் கார்டு கணக்கு என்னுடையதே அல்ல என்று என் பெயரில் பொய்யான ஆட்சேபம் பதிவு செய்தார். இந்த அறிக்கையைத் தயாரிக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் எந்தப் பதிவையும் தானாக மாற்றிவிட முடியாது. கடன் கொடுத்தவரிடம் கேட்டுத்தான் திருத்தும். கடன் கொடுத்தவர் மறுத்ததால் பதிவு அப்படியே நின்றது. அதைவிட மோசமாக, புதுக்கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டினால் மதிப்பெண் ஏறும் என்று சொல்லிக்கொண்டு, மூன்றே வாரங்களில் ஐந்து நிதி நிறுவனங்களில் எனக்காக விண்ணப்பித்திருந்தார். ஒவ்வொரு விண்ணப்பமும், கடன் கேட்டு வந்த விசாரணையாக என் அறிக்கையில் பதிவானது; குறுகிய காலத்தில் இப்படிப் பல சேர்ந்தால் மதிப்பெண் குறையும். 648 என்பது 621 ஆகிவிட்டது.

உண்மையிலேயே தவறான பதிவு இருந்தால் அதைத் திருத்தக் கட்டணமே கிடையாது. ஆட்சேபத்தை 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. என் விஷயத்திலோ பதிவு சரியானதுதான். சரியான பதிவை அழித்துத் தர எந்த முகவராலும் முடியாது.

கடைசியில், விடுபட்ட 31,000 ரூபாயை அந்தக் கார்டு கொடுத்த வங்கியிலேயே கட்டி, பாக்கியில்லை என்ற கடிதம் வாங்கி, பதிவை மாற்றச் சொன்னேன். அதற்குள் 90 நாட்கள் கடந்துவிட்டன. வீட்டுக்காரர் நல்லவர் என்பதால் முன்பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார். ஒப்பந்தப்படி அதுவும் எனக்குச் சேர வேண்டியதல்ல. கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்; கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு வேறொரு வீட்டுக்கு 20 ஆண்டுத் தவணையில் 40 லட்சம் கடன் கிடைத்தபோது, மதிப்பெண் இன்னும் முழுதாகத் தேறாததால், 8.5 சதவீதத்துக்குப் பதில் 9.25 சதவீத வட்டி போட்டார்கள். மாதத் தவணையில் சுமார் 1,900 ரூபாய் வித்தியாசம். இதே விகிதம் கடைசிவரை நீடித்தால் நாலரை லட்சத்தைத் தாண்டும்.

அந்த முகவர் கொடுத்த ரசீதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டுமே இருக்கிறது; 750 என்ற உறுதிமொழி அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில்தான் இருக்கிறது. அதை அழிக்காமல் வைத்திருந்து, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன்.