தலைவலி டைரி ஆப்: கணக்குப்பிள்ளையாக வைத்துக்கொள்ளலாம், வைத்தியராக வேண்டாம்

நான்கு மாதமாக ஒரு தலைவலி டைரி ஆப் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். பெயர் போடவில்லை. இதற்கு முன்னால் இறக்கிப் பார்த்து அழித்த இரண்டும் ஏறக்குறைய இதே அச்சுதான், அதனால் ஒன்றைப் பற்றிச் சொன்னால் மூன்றுக்கும் பொருந்தும்.

முதல் கோபம் திறந்தவுடனேயே வந்தது. பளீரென்று வெள்ளைத் திரை. ஒற்றைத் தலைவலிக்காரருக்கு வெளிச்சம் ஆகாது என்பது இதைச் செய்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? ராத்திரி இரண்டு மணி, இடது பொட்டில் விண் விண்ணென்று தெறிக்கிறது, ஒரு கையால் கண்ணை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் போனைத் திறந்தால் முகத்தில் டார்ச் அடித்த மாதிரி இருக்கிறது. கருப்புத் திரை வசதி இல்லாமல் இல்லை, செட்டிங்ஸுக்குள் மூன்று படி இறங்கித் தேட வேண்டும். அப்புறம் தினமும் இரவு ஒன்பதுக்கு ‘இன்று தலைவலி இருந்ததா?’ என்று டிங் சத்தத்தோடு ஒரு விசாரிப்பு. இருந்திருந்தால் அதை மறுபடி கிளப்ப அந்த டிங்கே போதும். இரண்டையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். பதிவு செய்யும்போது அது கேட்கும் கேள்விகள் நல்ல கேள்விகள். ஒரு பக்கமா இரண்டு பக்கமா, துடிக்கிறதா அழுத்துகிறதா, மாடிப்படி ஏறினால் கூடுகிறதா, குமட்டல் உண்டா, வெளிச்சமும் சத்தமும் தொந்தரவா, எவ்வளவு நேரம் நீடித்தது. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இருக்கும் அளவுகோல்கள்தான் இவை. இத்தனை வருடம் எனக்குத் தெரிந்தது இரண்டே வகை: ஒன்று சாதாரணத் தலைவலி, இன்னொன்று சைனஸ். நெற்றி கனத்து மூக்கில் நீர் வடிந்தால் சைனஸ், அவ்வளவுதான் என் மருத்துவ ஞானம். ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு ஒழுகும், கண் கலங்கும் என்பதை இந்த ஆப் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். உண்மையான சைனஸ் தொற்று என்றால் பெரும்பாலும் கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைச் சளி, காய்ச்சல், வாசனை தெரியாமல் போவது என்று வேறு சாட்சிகளும் கூட வரும். எனக்கு அதில் ஒன்றுகூட வந்ததில்லை.

இரண்டு வாரம் குறித்த பிறகு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டிய மாதிரி இரண்டு பக்கமும் அழுத்துவது டென்ஷன் வகை. அரை மணியிலும் போகும், ஏழு நாளும் இழுக்கும், ஆனால் அதோடு வேலை பார்க்கலாம், வாந்தி வராது. ஒற்றைத் தலைவலி அப்படி விடாது. மருந்து போடாவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை, நடந்தால் கூடும், இருட்டில் அசையாமல் படுக்கத்தான் தோன்றும். (பெயர்தான் ஒற்றை, எனக்குச் சில தடவை இரண்டு பக்கமும் வந்திருக்கிறது, அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.) சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணெதிரே வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் மெதுவாகப் பரவும். ஆப்பில் அதற்கு ஒரு படமே இருக்கிறது, அழகாக வரைந்திருக்கிறார்கள்.

ஆனால் கிளஸ்டர் வகை வந்தால் இந்த ஆப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலுவலக நண்பருக்கு அதுதான். ஒரு கண்ணைச் சுற்றிக் குடைகிற வலி, அதே பக்கக் கண் சிவந்து நீர் கொட்டும், அதே பக்க மூக்கு அடைக்கும், படுக்க முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடித்து நின்றுவிடும், பிறகு அதே ராத்திரி மறுபடியும் வரும். அவருக்கு நாற்பது நாற்பது நிமிடமாக இரண்டு முறை வந்ததை ஆப் நடுவில் வலியில்லாத நேரத்தையும் சேர்த்து ஒன்றாக்கி ‘ஒற்றைத் தலைவலி, 6 மணி நேரம்’ என்று எழுதி வைத்தது. அவர் அன்றே அழித்துவிட்டார். நியாயம்தான்.

எனக்குப் பயன்பட்டது கேலண்டர் பக்கம். இரண்டாம் மாதக் கடைசியில் நரம்பியல் மருத்துவரிடம் பதினாலு பக்க அறிக்கையை நீட்டினேன், வண்ண வண்ண வட்டப்படங்களோடு. அவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கேலண்டரை மட்டும் எடுத்து, பேனா முனையால் புள்ளிகளை எண்ணினார். தலைவலி 22 நாள், மாத்திரை 18 நாள். ‘வலிக்காக மாத்திரை போடுகிறீர்களா, மாத்திரையால் வலி வருகிறதா?’ என்றார். பாராசிட்டமால் மாதிரி சாதாரண வலி மாத்திரையை மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டான் (ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள மருந்து வகை) அல்லது பல மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மருந்தே தலைவலியை அடிக்கடி வரவைத்துவிடலாமாம். அவர் சொன்னபடி குறைத்தேன். முதல் இரண்டு வாரம் நரகம். நான்காம் மாதம் தலைவலிப் புள்ளி 9தான்.

இனிதான் பெரிய குறை. ஒரு நாள் சும்மா சோதித்துப் பார்க்க, பொய்யாக ஒரு பதிவு போட்டேன்: வலி பத்துக்குப் பத்து, வாந்தி, அது கேட்காமலே நானாக எழுதிச் சேர்த்தது திடீரென்று வந்தது, கழுத்து விறைப்பு. திரையில் நிலா படம் போட்டு, ‘தண்ணீர் குடியுங்கள், இருட்டறையில் ஓய்வெடுங்கள்’ என்று வந்தது. தூக்கிவாரிப்போட்டது. இடி விழுந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற தலைவலி மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதாக இருக்கலாம், அது ஓய்வெடுக்கிற நேரமா, ஆம்புலன்ஸ் கூப்பிடுகிற நேரமா? வலி எவ்வளவு என்று கேட்கத் தெரிகிறது, எவ்வளவு வேகமாக வந்தது என்று கேட்கத் தெரியவில்லை.

இன்னும் பலதை அது கேட்பதே இல்லை. காய்ச்சலோடு கழுத்தை வளைக்க முடியாமல் வருவது, பேச்சுக் குழறல், கை கால் ஒரு பக்கம் தளர்வது, வலிப்பு, தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போவது, கர்ப்பத்திலோ பிரசவம் ஆன சில வாரங்களிலோ புதிதாக வருவது, கண் சிவந்து விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, இதில் எதற்கும் ஆப்பைத் திறக்காதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக வந்து, சீவும்போது தலை வலித்து, மெல்லும்போது தாடையும் வலித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும், தாமதித்தால் பார்வை போகும் ஆபத்து உண்டு. படுத்தால் கூடுவதும், இருமினால் தெறிப்பதும், நின்றால் மட்டும் வருவதும்கூட மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம், முதலில் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், மூன்றும் கேலண்டருக்கு. ‘எவ்வளவு நேரத்தில் உச்சத்துக்கு வந்தது?’ என்று ஒரே ஒரு கேள்வி சேருங்கள் என ஆப் செய்தவர்களுக்கு எழுதினேன். நன்றி என்று தானாக ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு அப்டேட் வந்துவிட்டன. கேலண்டர் புள்ளியின் நிறத்தை இப்போது நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம்.