எல்எம்2596 போர்டு வாங்குகிறவர்கள் கவனிக்க: மேலே அச்சிட்டிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு

ஆன்லைனில் பத்து எண்ணம் கொண்ட பாக்கெட்டாக விற்கிறார்களே, சின்ன நீல நிற எல்எம்2596 ஸ்டெப்-டவுன் போர்டு (கூடுதல் வோல்டேஜைக் குறைத்துத் தருவது), அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. விளம்பரத்தில் "3 ஆம்பியர், 40 வோல்ட், 150 கிலோஹெர்ட்ஸ், ஒரிஜினல் ஐசி" என்று போட்டிருந்தது. வந்த பாக்கெட்டில் பத்தையும் லோடு கொடுத்து அளந்தால், பத்தும் 50 முதல் 54 கிலோஹெர்ட்ஸுக்குள் ஓடுகின்றன. 150 பக்கம் ஒன்றுகூட வரவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு "ஓவர்லோடு குடுத்திருப்பீங்க சார், நம்ம ஐட்டத்துல கம்ப்ளைன்டே வராது" என்று பதில். கடைப்பெயர் எழுதிப் பயனில்லை, இதே சரக்கு வெவ்வேறு பெயர்களில் கிடைக்கிறது.

52 கிலோஹெர்ட்ஸ் என்பது பழைய எல்எம்2576 ஐசி ஆன்-ஆஃப் ஆகும் வேகம். அந்த ரகத்து மலிவு நகலை எடுத்து, முகப்பைக் கருப்புப் பூச்சால் மூடி, மேலே 2596 என்று அச்சடித்து விடுகிறார்கள். இரண்டுக்கும் கால்கள் ஒரே வரிசை என்பதால் போர்டில் ஏற்றினால் வேலை செய்யும். அளவுக்கு வோல்டேஜும் வரும். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

சிக்கல் காயிலில் இருக்கிறது. போர்டில் இருக்கும் காயில், "330" என்று எழுதிய 33 மைக்ரோஹென்ரி. அது 150 கிலோஹெர்ட்ஸுக்குப் பொருத்தமான அளவு. 52-இல் ஓடும் ஐசிக்கு 100 மைக்ரோஹென்ரி வேண்டும். 12 வோல்ட்டை 5 ஆக இறக்கும்போது காயிலில் ஏறி இறங்கும் கரண்டைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 12-இல் 5 போக 7, அதை 0.42-ஆல் (5-ஐ 12-ஆல் வகுத்தது) பெருக்கி, ஃப்ரீக்வென்சியும் காயில் அளவும் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். 150-இல் சுமார் 0.6 ஆம்பியர் வருகிறது. 52-இல் 1.7 ஆம்பியர். அவுட்புட் கெப்பாசிட்டரின் இஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ்) 0.2 ஓம் என்று வைத்தால், ரிப்பிள் (அவுட்புட் வோல்டேஜின் ஏற்ற இறக்கம்) 120 மில்லிவோல்ட்டுக்குப் பதில் 340 மில்லிவோல்ட். கெப்பாசிட்டர் சூடாகும், காலப்போக்கில் உப்பும், காயிலும் சாச்சுரேஷனுக்குப் போகும் (காந்தம் நிரம்பி, காயில் வேலை செய்யாமல் போவது).

இது வெளியே தெரிகிற விதம்தான் ஆளை அலைக்கழிக்கும். இந்த போர்டிலிருந்து ஓடும் இஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்), வைஃபை இணையும் கணத்தில் ரீசெட் ஆகும், சீரியல் மானிட்டரில் "பிரவுன்அவுட்" (வோல்டேஜ் இறங்கிவிட்டது) என்று வரும். அனலாக் ரீடிங் ஆடும். புரோகிராமையும் சால்டரையும் ஒரு வாரம் நோண்டுவார்கள். மல்டிமீட்டரோ அழகாக 5.00 காட்டும். ஏசி ரேஞ்சுக்கு மாற்றினாலும் பயனில்லை, சாதாரண மீட்டர் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாக அளக்காது.

சோதிக்கும் முறை இது. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். 10 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் இரண்டை இணையாகக் கட்டினால் 5 ஓம், அதாவது 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் லோடு. லோடு மாட்டுவதற்கு முன்பே ட்ரிம்பாட்டை (வோல்டேஜை மாற்றும் திருகு) திருப்பி 5 வோல்ட் வையுங்கள். அது பல சுற்று ரகம், பத்துச் சுற்றுக்கு மேல் திருப்பிய பிறகுதான் வோல்டேஜ் அசையத் தொடங்கலாம். அதை மட்டும் வைத்து "போர்டு அவுட்" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பிறகு ஐசியின் இரண்டாம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) வையுங்கள். டிஎஸ்ஓ138 என்ற சின்ன ஸ்கோப் கிட் போதும். அதன் வரம்பு 200 கிலோஹெர்ட்ஸ்தான், அலை வடிவம் மழுங்கித் தெரியும், ஆனால் ஒரு சுற்றின் நேரம் படிக்க முடியும். 6.7 மைக்ரோசெகண்ட் என்றால் நல்லது, 19 என்றால் டூப்ளிகேட். ஃப்ரீக்வென்சி ரேஞ்ச் உள்ள மீட்டரும் உதவும். லோடு இல்லாமல் மட்டும் அளக்க வேண்டாம், காயிலின் அதிர்வு கலந்து எண் தப்பாக வரும்.

அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஐசி முகப்பைத் தேய்த்துப் பார்க்கலாம். கருப்பு பஞ்சில் ஒட்டினால் முகப்பு பூசப்பட்டது. ஒட்டாவிட்டால் ஒரிஜினல் என்று அர்த்தமில்லை, இப்போது வருகிற சில பூச்சுகள் அசிட்டோனுக்கு அசைவதில்லை.

விலையைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஐசி ஒன்றை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் சில்லறையாக வாங்கினால், இந்த முழு போர்டின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். ஐசி, காயில், டயோடு, இரண்டு கெப்பாசிட்டர், ட்ரிம்பாட் எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டு விலைக்குள் எப்படி வரும்?

வாங்கியாயிற்று, திருப்பவும் முடியவில்லை என்றால் குப்பையில் போட வேண்டாம். காயிலைக் கழற்றி 100 மைக்ரோஹென்ரி, 3 ஆம்பியர் காயில் போடுங்கள். அவுட்புட்டில் 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், லோ-இஎஸ்ஆர் கெப்பாசிட்டர். 1 ஆம்பியருக்கு மேல் எடுக்காதீர்கள், இன்புட் 24 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். ஒரிஜினலே ஆனாலும் ஹீட்சிங்க் இல்லாமல் 3 ஆம்பியர் தொடர்ந்து தராது: 12-இலிருந்து 5-க்கு, 80 சதவீதத் திறனில், 15 வாட் வெளியே போனால் கிட்டத்தட்ட 4 வாட் அந்தச் சின்ன போர்டிலேயே சூடாகத் தங்கும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ட்ரிம்பாட். அதன் உள் தொடர்பு விட்டுப்போனால் ஃபீட்பேக் (அவுட்புட் எவ்வளவு என்று ஐசிக்குச் சொல்லும் இணைப்பு) அறுந்து, இன்புட் 12 வோல்ட்டும் கிட்டத்தட்ட அப்படியே அவுட்புட்டுக்கு வரும். பின்னால் இருக்கும் இஎஸ்பி32 ஒரு நொடி தாங்காது. நிரந்தரமாக 5 வோல்ட் மட்டும் தேவையென்றால் ட்ரிம்பாட்டைக் கழற்றிவிட்டு 1 கிலோஓம், 1 சதவீத ரெசிஸ்டர் போடுங்கள். கீழே ஏற்கெனவே இருக்கும் 330 ஓமுடன் சேர்ந்து 4.96 வோல்ட் கிடைக்கும். (சில போர்டில் கீழ் ரெசிஸ்டர் வேறு மதிப்பாக இருக்கலாம், அளந்துவிட்டுப் போடுங்கள்.) இன்புட்டில் ஒன்றரை ஆம்பியர் ஃபியூஸும், அவுட்புட்டில் 5.6 வோல்ட், 5 வாட் ஜீனர் டயோடும் சேர்த்துவிட்டால், ஐசி ஷார்ட் ஆனாலும் ஜீனர் இழுக்கிற கரண்டில் ஃபியூஸ் போக வாய்ப்புண்டு.

இதே வேலை ஆம்ப்ளிஃபயர் பக்கமும் நடக்கிறது. அசெம்பிள் செட் கட்டுகிறவர்கள் அதிகம் வாங்கும் 5200, 1943 பவர் டிரான்சிஸ்டர் ஜோடியில் டூப்ளிகேட் தாராளம். மீட்டரில் டயோடு டெஸ்ட் சரியாக வரும், எச்எஃப்இ (கரண்ட் பெருக்கம்) சரியாக வரும். உள்ளே சின்ன சில்லு ஒட்டியிருப்பதால், பாஸ் ஏற்றியதும் ஷார்ட் ஆகி டிசி நேராக வூஃபர் காயிலுக்குப் போகும். கண்டுபிடிக்கப் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே கெப்பாசிட்டன்ஸ் அளங்கள். தோஷிபா டேட்டாஷீட்டில் 10 வோல்ட் பயாஸில் 5200-க்கு 200 பிகோஃபாரட், 1943-க்கு 360. பயாஸ் இல்லாமல் அளந்தால் அதைவிடக் கூடுதலாக வர வேண்டும். நூறுக்குக் கீழே காட்டினால் ஹீட்சிங்கில் ஏற்றவே ஏற்றாதீர்கள். புதிதாகக் கட்டிய போர்டை முதல் தடவை 100 வாட் குண்டு பல்பு சீரியஸில் வைத்தே ஆன் செய்யுங்கள்.

9,900 மில்லிஆம்பியர்-அவர் என்று எழுதிய 18650 லித்தியம் செல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த அளவுக்குள் அவ்வளவு அடைக்கவே முடியாது. தராசில் வையுங்கள், நல்ல செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாருக்கு அதன் உள்ளே பதிந்திருக்கும் எட்டு பைட் ரோம் எண்ணைப் படித்துப் பாருங்கள்: 28-இல் தொடங்கி, கடைசி செக்சம் பைட்டுக்கு முந்தைய இரண்டு பைட்டும் 00 இல்லையென்றால் அது நகல்.

பொருள் வந்த அன்றே சோதியுங்கள், ரிட்டர்ன் நாள் கடந்துவிட்டால் பேச்சு எடுபடாது. பாக்கெட் பிரிப்பதையும் ஸ்கோப் ரீடிங்கையும் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். "டெட் போர்டு" என்று எழுதாமல் "விளம்பரத்தில் 150 கிலோஹெர்ட்ஸ், அளந்தது 52" என்று எழுதுங்கள், அப்போது ஓவர்லோடு கதை நிற்காது. 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் கையில் இருக்கட்டும், காயிலைக் கழற்றும் வேலையை ரிட்டர்ன் முடிவு தெரிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சால்டர் பட்ட போர்டை யாரும் திரும்ப எடுப்பதில்லை.