விண்ட்ஷீல்டுக்கு ஃபிலிமா, சன்ஷேடா, கூலிங் கிளாஸா? சூடு வேற, கூச்சம் வேற

முன்கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டலாமான்னு யாரு கேட்டாலும் நான் முதல்ல கேக்குறது இதுதான்: உங்களுக்கு சூடு தாங்கலையா, இல்ல கண்ணு கூசுதா? ரெண்டும்தான்னு பாதி பேரு சொல்வாங்க, சரிதான், ஆனா ரெண்டுக்கும் காரணம் வேற, வைத்தியமும் வேற. ஒரே ஃபிலிம்ல ரெண்டையும் முடிச்சிடலாம்னு கடைக்குப் போனா கருப்பா ஒண்ண ஒட்டி அனுப்பிடுவாங்க, பகல்ல சொகுசாத்தான் இருக்கும், ராத்திரி மழைல ஓட்டும்போதுதான் தெரியும் சங்கதி.

தரைக்கு வந்து சேர்ற வெயில்ல கிட்டத்தட்ட பாதி கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட், 40 சதவீதத்துக்கு மேல கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம், கொஞ்சூண்டு யூவி. கண்ணு கூசுறது அந்தத் தெரியுற வெளிச்சத்தால மட்டும்தான், சூடு ரெண்டாலயும் வருது. யூவிக்காக முன்கண்ணாடில காசு செலவு பண்ணவே வேண்டாம், ஏன்னா விண்ட்ஷீல்டுங்கிறது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிவிபின்னு ஒரு பிளாஸ்டிக் தாள வச்சு ஒட்டினது, யூவிய பெரும்பாலும் அதுவே நிறுத்திடும். அதனால "99% யூவி தடுக்கும்"னு கொட்டை எழுத்துல போட்டு விக்கிறது முன்பக்கத்துக்கு புதுசா ஒண்ணும் தரப்போறதில்ல. பக்கத்துக் கண்ணாடில நிறைய வண்டிக்கு அந்த நடுத்தாள் கிடையாது, அங்க வேணா அதுக்கு அர்த்தம் இருக்கு.

சரி, ஃபிலிம்ல என்னென்ன இருக்குன்னு பாப்போம். சாயம் போட்ட சாதா ஃபிலிம்தான் விலை கம்மி, அது வெளிச்சத்தை உறிஞ்சுது, உறிஞ்சினதுல கண்ணாடியே சூடாகுது, வண்டி ஓடும்போது வெளிக்காத்து அதுல கொஞ்சத்த இழுத்துட்டுப் போயிடும், நின்னா அந்தச் சூடு உள்ளயும்தான் வரும். போகப்போக வெளுத்து ஊதா கலருக்கு மாறுறதும் இந்த வகைதான். உலோகப் பூச்சு ஃபிலிம் சூட்டைத் திருப்பி அனுப்புறதுல கெட்டி, ஆனா ஜிபிஎஸ், போன் சிக்னல், கண்ணாடில ஒட்டுற டோல் டேக், எல்லாத்துக்கும் அது இடைஞ்சல் பண்ணலாம், முன்கண்ணாடிக்கு நான் சொல்லவே மாட்டேன். செராமிக் ஃபிலிம்ல உலோகம் இல்லாததால சிக்னல் தொல்லை இல்ல, வெளிச்சத்தை பெருசா குறைக்காம இன்ஃப்ராரெட்டை மட்டும் நல்லா தடுக்குது. உலோகம் இல்லாம நூத்துக்கணக்கான மெல்லிய அடுக்கு வச்சு செய்யுற ஃபிலிமும் இருக்கு, த்ரீஎம் கிரிஸ்டலின் அந்த வகை, வேலை செய்யுற விதம் வேற, பலன் கிட்டத்தட்ட அதே பக்கம்தான். விண்ட்ஷீல்டுக்குன்னு வந்தா இந்தக் கடைசி ரெண்டுல ஒண்ணுதான், அதுவும் பாத்தா ஒட்டின மாதிரியே தெரியாத அளவுக்கு தெளிவானது.

எவ்வளவு தெளிவுன்னா, இங்கதான் நிறைய பேரு ஏமாறுறாங்க. பல நாடுகள்ல முன்கண்ணாடி வழியா குறைஞ்சது 70 சதவீத வெளிச்சம் உள்ள வரணும்னு சட்டம், உடனே கடைக்காரர் "இது 70 ஃபிலிம் சார், சட்டப்படி ஓகே"ன்னு சொல்வாரு. ஆனா கண்ணாடி தானே கொஞ்சம் வெளிச்சத்தை எடுத்துக்குது, உங்க கண்ணாடி 80 சதவீதம் விடுதுன்னு வச்சுக்கோங்க, அது மேல 70 ஃபிலிம் ஒட்டினா 80ல 70 சதவீதம், வெறும் 56தான் மிஞ்சும். அதே கண்ணாடில 90 ஃபிலிம் ஒட்டினா 72 வரும், அது பாஸ். 35 ஃபிலிமை ஒட்டினா 28. கருப்பு சட்டை போட்டுட்டு விளக்கில்லாத ரோட்டை ஒருத்தர் கடக்குறாருன்னு நினைச்சுப் பாருங்க, அவரைப் பாக்க உங்களுக்கு இருக்குற வெளிச்சம் அவ்வளவுதான். வயசான கண்ணுக்கு இன்னும் மோசம், 60 வயசுக்காரர் விழித்திரைக்குப் போய்ச் சேர்ற வெளிச்சம் 20 வயசுக்காரருக்குப் போறதுல சுமார் மூணுல ஒரு பங்குதான், அப்பா ஓட்டுற வண்டிக்கு ஃபிலிம் ஒட்டுறவங்க இதை தயவுசெஞ்சு யோசிங்க.

இன்னொண்ணு, கடைல ஒரு ஹீட் லாம்ப் வச்சு டெமோ காட்டுவாங்க, ஃபிலிம் இல்லாத கண்ணாடிக்குப் பின்னாடி கைய வச்சா சுடும், ஃபிலிம் உள்ளதுக்குப் பின்னாடி வச்சா சில்லுன்னு இருக்கும், ஆச்சரியமாத்தான் இருக்கும். ஆனா அந்த லாம்ப் கக்குறது முக்கால்வாசி இன்ஃப்ராரெட், வெயில் அப்படி இல்ல. "95% இன்ஃப்ராரெட் ரிஜெக்‌ஷன்"ங்கிற நம்பரும் பல சமயம் ஒரு குறுகின அலைநீளத்துல மட்டும் அளந்தது. நீங்க கேக்க வேண்டியது டிஎஸ்இஆர்னு ஒரு நம்பர், மொத்த வெயில் சக்தில எவ்வளவு வெளிய நிக்குதுன்னு அதுதான் சொல்லும், அது எப்பவுமே அந்த 95ஐ விட ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும், அது கம்மியா இருக்கேன்னு பயப்படாதீங்க, அதுதான் உண்மையான கணக்கு.

இப்ப சன்ஷேட். நிறுத்தின வண்டிக்கு இதை அடிச்சுக்க ஃபிலிமே கிடையாது, என்னைக் கேட்டா ஃபிலிமுக்கு முன்னாடி வாங்க வேண்டியது இதுதான். வெயில்ல மூடி நிக்கிற வண்டிக்குள்ள ஒரு மணி நேரத்துல வெளிய இருக்கறதை விட 20 டிகிரிக்கு மேல ஏறிடும், அதுல பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்துலயே ஏறிடும், ஜன்னலை லேசா இறக்கி வச்சாலும் பெருசா வித்தியாசம் இல்ல. வெயில் நேரா விழுற டேஷ்போர்டு 70 டிகிரி கிட்டப் போகும், அப்புறம் அந்த பிளாஸ்டிக்தான் ஏசியோட மல்லுக்கட்டும். வெள்ளி பக்கம் வெளிய பாத்த மாதிரி ஷேட் வச்சா ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் வெயிலையே பாக்காது. குறை என்னன்னா ஒவ்வொரு தடவையும் விரிச்சு மடிக்கணும், ஓட்டும்போது எதுக்கும் உதவாது. தினமும் நாள் முழுக்க வெட்டவெளில நிக்குற வண்டின்னா ஷேட் போதும், பகல்ல மணிக்கணக்கா ஓட்டுறவங்களுக்குத்தான் ஃபிலிம் காசுக்கு ஏத்த பலன் தரும்.

கூச்சத்துக்கு வருவோம். முன்னாடி போற வண்டியோட கண்ணாடி, ஈர ரோடு, இதுலேர்ந்து எகிறி வர்ற வெளிச்சத்துல நிறைய கிடைமட்டமா போலரைஸ் ஆனது, அதாவது அதோட அதிர்வு பெரும்பாலும் படுக்கை வாக்குல ஒரே திசைல இருக்கும், போலரைஸ்டு கூலிங் கிளாஸ் அதைத்தான் குறிவச்சு வெட்டுது, எந்த ஃபிலிமாலயும் இவ்வளவு சுத்தமா இதைச் செய்ய முடியாது, சாயங்காலம் ஆனா கழட்டி வச்சுடலாம், ஃபிலிமை அப்படிக் கழட்ட முடியாதே. சில வண்டில ஸ்கிரீனும், முன்கண்ணாடிலயே வேகத்தைக் காட்டுற ஹெட்அப் டிஸ்ப்ளேவும் இந்தக் கூலிங் கிளாஸ் வழியா மங்கலாத் தெரியும், போட்டுப் பாத்து வாங்குங்க. ராத்திரில ஓட்டுறதுக்குன்னு மஞ்சள் மூக்குக் கண்ணாடி விக்கிறாங்களே, 2019ல வந்த ஆய்வுல அது நடந்து போறவங்களைக் கண்டுபிடிக்க ஒண்ணும் உதவலைன்னுதான் தெரிஞ்சுது, அது வேண்டாம்.

அதுக்கும் முன்னாடி விண்ட்ஷீல்டோட உள்பக்கத்தை ஒரு தடவை நல்லா துடைங்க. டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூட்டுல விடுற ஆவி கண்ணாடி உள்பக்கம் மெல்லிசா படியுது, எதிர் லைட் அடிச்சா அந்தப் படலம்தான் வெள்ளையா விரியுது, வெள்ளைத் துணிய ஈரம் பண்ணி இழுத்தா சாம்பல் கலர்ல கோடு வரும். டேஷ்போர்டுக்கு பளபளன்னு பாலிஷ் போடுறதையும் விடுங்க, அது அப்படியே கண்ணாடில பிரதிபலிக்கும்.

தலைக்கு மேல வர்ற வெயிலுக்கு மேல் ஓரத்துல ஒரு பட்டை மட்டும் ஒட்டுறதும் உண்டு, சில கண்ணாடில ஏஎஸ்-1னு ஒரு குறி இருக்கும், அந்தக் கோட்டுக்குக் கீழ இறங்கக்கூடாது. காலைல சாயங்காலம் சாய்ஞ்சு வர்ற சூரியனுக்கு அது எட்டாது, சன்வைசர்தான்.

முழு ஃபிலிம்னு முடிவு பண்ணிட்டா, கண்ணாடில கல் பட்ட சின்ன வெடிப்பு இருக்கான்னு முதல்ல பாருங்க, ஃபிலிமை வளைச்சு ஒட்ட அவங்க பிடிக்கிற ஹீட் கன் சூட்டுல அது நீளமா ஓடிடும். கேமராவும் மழை சென்சாரும் இருக்கற இடத்துல ஃபிலிமை வெட்டி விடச் சொல்லுங்க, ஒட்டும்போது தெளிக்கிற தண்ணி வழிஞ்சு டேஷ்போர்டுக்குள்ள போகாம துண்டு விரிக்கச் சொல்லுங்க. ஒட்டின முதல் கொஞ்ச நாள் லேசா மங்கலாவும் தண்ணிக் கொப்புளமாவும் தெரியும், உள்ள இருக்கற ஈரம் காயணும், அதை விரலால அழுத்தாம விட்டுடுங்க.